புளி போட்டுத் தேய்க்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாசி மாதம் ஓர் அம்மா, பழைய பருத்திப் புடவையில் சுற்றிய ஒரு செப்புத் தகட்டை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இரண்டடி உயரம் இருக்கும். நம்மை நேராகப் பார்க்கும் பிள்ளையார். தகட்டைப் பின்னாலிருந்து தட்டித் தட்டி முகத்தையும் வயிற்றையும் உப்பவைத்திருந்தார்கள். தும்பிக்கையின் மடிப்புகளிலும் காதோரங்களிலும் செப்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த கோடுகள். கைதேர்ந்தவர் வேலை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் தகடு புதிதாகக் கடையில் வாங்கிய குடம் போலப் பளபளத்தது. கம்பிகளின் இடுக்குகளில் மட்டும் வெளிர்பச்சையாக மாவு பூத்திருந்தது.

"எங்க மாமனார் வாங்கினது சார். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. போகிக்கு வெள்ளையடிச்சப்போ கன்னங்கரேல்னு இருக்கேன்னு புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன். ஒரு மாசத்துல இப்படி பூத்துப்போச்சு."

உலோகக் கலைப்பொருள்களைப் பாதுகாப்பது என் தொழில். இந்த வாக்கியத்தை வேறு வேறு குரல்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. செம்பு என்றால் தேய்க்க வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பிற் களிம்புதான், அதாவது செம்பின்மேல் படியும் பச்சை. களிம்பு ஏறிய செம்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நம் வீடுகளில் யாராலும் முடியாது. குடத்துக்கும் பஞ்சபாத்திரத்துக்கும் அது சரி. கலைஞர் ஒருவர் வேண்டுமென்றே கறுக்கவைத்த தகட்டுக்கு அது சரியல்ல.

தட்டி எழுப்பிய செப்புத் தகடு தீயிலிருந்து வெளிவரும்போது சிவப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். சில கலைஞர்கள் அந்தத் தீயின் நிறத்தையே வைத்துக்கொள்வார்கள். சிலர் பொட்டாசியம் சல்பைடு கரைசலைத் தடவிக் கறுக்கவைப்பார்கள். பிறகு மேடான இடங்களை மட்டும் துணியால் தேய்த்து ஒளி வரவழைப்பார்கள். மூக்கு மின்னும், கண்குழி இருளும். ஓவியருக்கு வண்ணம் எப்படியோ, தகட்டில் வேலை செய்பவருக்கு இந்தக் கருமை அப்படி. அதன் தடிமன் மயிரிழையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதைச் சில நிமிடங்களில் கரைத்துவிடும்.

அதைவிட மோசம் உப்பு. குடத்தைத் தேய்த்தால் நன்றாக அலம்பிவிடலாம். கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கை எப்படி அலம்புவது? உப்பின் குளோரைடு அங்கேயே தங்கிச் செம்போடு சேர்கிறது. காற்றின் ஈரம் பட்டதும் வெளிர்பச்சை மாவாக மாறுகிறது. அப்படி மாறும்போது வெளிவரும் அமிலம் மறுபடி செம்பை அரிக்கிறது. இதை வெண்கல நோய் என்பார்கள். வெண்கலத்துக்கு மட்டுமல்ல, தனிச் செம்புக்கும் வரும். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் அடங்கிக் கிடக்கும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி 60க்கு மேல்தான். சாதாரணக் களிம்பு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்காகப் பதற வேண்டாம். விரலால் தொட்டால் உதிரும் பச்சை மாவுதான் ஆபத்து. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கினார்கள். நோய் பிடித்த செப்புத் திருமேனிகளுக்கு டாக்டர் எஸ். பரமசிவன் அங்கே மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பு முறையில் சிகிச்சை செய்தார். அவ்வளவு பழைய எதிரி இது.

தகட்டைப் புரட்டிப் பார்த்தேன். "பின்னாடி பலகை ஏதாவது இருந்ததா அம்மா?" இருந்ததாம். கறையான் அரித்திருந்ததால் ஆசாரி கழற்றிப் போட்டுவிட்டாராம். அதில் ஏதோ சீட்டு ஒட்டியிருந்ததாம்.

எனக்கு மனசே விட்டுப்போனது அப்போதுதான். கருமை போனதைவிட இது பெரிய இழப்பு. செய்தவர் யார் என்பதற்கு அந்தச் சீட்டு தடயமாக இருந்திருக்கலாம்.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே குடியேறினார்கள். பத்திக் துணியும் உலோக வேலையும் செய்து விற்றுத்தான் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவர் பி.வி. ஜானகிராம் (1930–1995). செப்புத் தகட்டைத் தட்டி, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கோடு வரைவது போலச் சிற்பம் செய்தவர். கோயில் மூலவரை நாம் முன்னால் நின்றே பார்ப்பது போல, முகப்பிலிருந்து பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை அவை. பிள்ளையாரும் இயேசுவும் அவர் கையில் ஒரே தகட்டு மொழியைப் பேசினார்கள். அவருக்கு இளையவரான எஸ். நந்தகோபாலும் இந்த முகப்புச் சிற்ப வழியில் வந்தவர். கோயில் கவசங்களின் நகாசு வேலையை நவீன சிற்பத்துக்குள் கொண்டுவந்த இந்தத் தலைமுறைக்கு நாம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை என்பது என் எண்ணம்.

அம்மா கொண்டுவந்த பிள்ளையார் அந்த வழியில் வந்த வேலைதான். யார் செய்தது? பார்ப்பதற்கு ஜானகிராமின் கைபோல இருக்கிறது என்ற ஒன்றை வைத்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பாணியைப் பார்த்துச் செய்தவர்கள் உண்டு. தகட்டில் கையெழுத்து இல்லை. அந்தச் சீட்டு கண்காட்சி அடையாளமாக இருந்திருக்கலாம், கடை ரசீதாக இருந்திருக்கலாம். இனி அந்தக் கலைஞருக்குப் பெயர் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று தொங்கினால், துணியை எடுக்கும் முன் அதைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். சுத்தியல் தடம் ஒழுங்கில்லாமல், சில இடத்தில் தகடு மெலிந்தும் சில இடத்தில் தடித்தும் இருந்தால் கையால் தட்டியது. ஒரே சீராக இருந்தால் அச்சில் அழுத்தியதாக இருக்கலாம். மணல்மணலாக இருந்தால் மின்முலாம் முறையில் வார்த்தெடுத்தது. பலகை உளுத்துப்போயிருந்தாலும் எழுத்தோ சீட்டோ உள்ள துண்டை அறுத்து எடுத்து வையுங்கள். இரும்பு ஆணி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், செம்போடு சேர்ந்த இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துத் தகட்டில் வழியும். தூசிக்கு மென்மையான வண்ணத் தூரிகை போதும். மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பளபளப்புப் பசைகள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது, அதுவும் செம்பை அரிக்கும். பச்சை மாவைக் கண்டால், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

அந்தப் பிள்ளையாருக்கு இரண்டு வாரம் பிடித்தது. உருப்பெருக்கியின் கீழ் பச்சை மாவை ஊசியால் சுரண்டி எடுத்தேன். காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்து, கழுவிய நீரில் குளோரைடு இல்லை என்று சோதனையில் தெரியும்வரை நீரை மாற்றினேன். உலர்த்தி, செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசல் பூசி, மேலே மெழுகு ஏற்றினேன். "மறுபடி கறுக்க வச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார் அம்மா. முடியும். ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு கருமை என்பது செய்தவர் எடுத்த முடிவு. அதை நான் எப்படி ஊகிப்பது? மாட்டேன் என்றேன்.

வாங்கிக்கொள்ள வந்த அன்று அவர் ஒரு கறுப்புவெள்ளைப் படத்தையும் கொண்டுவந்தார். அவர் கல்யாணத்தன்று மாமனார் வீட்டுக் கூடத்தில் எடுத்தது. மாலையோடு நிற்கும் மணமக்களின் தோளுக்கு மேலே, சுவரில் அதே பிள்ளையார். காதுகள் இரண்டும் இருளில் மறைந்து, நெற்றியும் தும்பிக்கையின் முதல் வளைவும் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தன. அந்தப் படத்துக்கு ஒரு நகல் எடுத்து, உறையில் போட்டு, புதுப் பலகையின் பின்னால் பொருத்திக் கொடுத்தேன்.