றெக்கை நுனியில ரெண்டு லைட்டு: பேர் தெரியாத ஜெட்டைக் கண்டுபிடிக்கிறது எப்படி?

சின்ன ஏர்ஃபீல்டு பக்கத்துல நிக்கிறீங்க, அங்க வழக்கமா வந்து போறது எல்லாம் ஒத்தை ப்ரொப்பெல்லர் வச்ச ட்ரெயினிங் விமானம்தான், திடீர்னு ஒரு கூரான விசில் சத்தம், நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள ஒல்லியா ஒரு ஜெட்டு மரங்களுக்குப் பின்னாடி போய் மறைஞ்சிடுது. என்ன பாத்தீங்கன்னு கேட்டா நிறைய பேரு "வெள்ளை, நடுவுல நீலக் கோடு"ன்னு சொல்லுவாங்க. கலரை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பெயிண்ட்டை ஓனர் எப்ப வேணா மாத்திக்குவாரு, றெக்கை எங்க இருக்கு, எஞ்சின் எங்க இருக்கு, வால் எப்படி இருக்குங்கிறதை மாத்த முடியாது, அதைத்தான் மனசுல பிடிச்சு வைக்கணும்.

அதுக்கு முதல்ல கண்ணு சரியான இடத்துல இருக்கணும். சத்தம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், அதனால 2 கிலோமீட்டர் தள்ளிப் பறக்குற ஜெட்டோட சத்தம் நம்ம காதுக்கு வந்து சேர கிட்டத்தட்ட 6 செகண்டு ஆயிடும், அதுக்குள்ள மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்துல போறது 650 மீட்டர் முன்னாடி போயிருக்கும். சத்தம் வர்ற பக்கம் பாத்தா வெறும் வானம்தான் தெரியும், அது போற திசையில கொஞ்சம் முன்னாடி தேடுங்க.

ரன்வே சின்னதா இருக்குங்கிறதே பெரிய துப்பு. ஒலி வேகத்தை நெருங்கிப் பறக்குற ஜெட்டுக்குத்தான் றெக்கையைப் பின்னாடி சாய்ச்சு வைப்பாங்க, ஆனா அப்படிச் சாய்ச்சா மெதுவாப் போறப்ப தூக்குற சக்தி குறைஞ்சிடும், அதனால வேகமா வந்து இறங்கணும், வேகமா இறங்கினா நிக்க நீளமான ரன்வே வேணும். அதனால குட்டி ஏர்ஃபீல்டுக்கு வர்ற ஜெட்டுக்கு பெரும்பாலும் நேரான, இல்லன்னா லேசா மட்டும் சாஞ்ச றெக்கைதான் இருக்கும்.

அடுத்தது எஞ்சின். முதுகு மேல ஒத்தை எஞ்சின், அதோட வி எழுத்து மாதிரி வால் இருந்தா யோசிக்கவே வேணாம், சிர்ரஸ் விஷன் ஜெட்டுதான், 2016-ல சான்றிதழ் வாங்கினது, ஆபத்துல மொத்த விமானத்தையும் இறக்குற பாராசூட் அதுல உண்டு. றெக்கைக்கு மேல காம்பு வச்சு எஞ்சின் நின்னா ஹோண்டாஜெட். எஞ்சினை உடம்போட ஒட்டாம விட்டதால உள்ள கேபினுக்கு இடம் கூடுது. மூணு எஞ்சின் பிசினஸ் ஜெட்டுன்னா பெரும்பாலும் டஸ்ஸோ ஃபால்கன் குடும்பம். மத்தபடி வால்கிட்ட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு எஞ்சின், ஆங்கில T எழுத்து மாதிரி உயரமான வால், இந்த வகைதான் ஏராளம், எஞ்சின்லேருந்து வர்ற சூடான காத்து வால் மேல படக்கூடாதுன்னுதான் வாலை மேல தூக்கி வைக்கிறாங்க. கல்ஃப்ஸ்ட்ரீம் மாதிரி பெரிசுகள்ல நான் ஜன்னலைத்தான் எண்ணுவேன், ஒரு பக்கத்துக்கு ஜி4-ல 6, ஜி5-ல 7, ஜி650-ல 8.

ஆரம்பத்துல சொன்ன அந்த ஒல்லி ஜெட்டு வேற ரகம். அப்படி ஒண்ணை நான் முதல் தடவை பாத்தப்ப ரெட்டை எஞ்சின்னு உறுதியா நம்பினேன், ஏன்னா கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் காத்து உள்ள போற வாய் இருந்துச்சு. அது திரும்பி முதுகைக் காட்டினப்பதான் பின்னாடி ஒரே ஒரு குழாய்னு தெரிஞ்சுது. ரெண்டு வாயும் உள்ள ஒரே எஞ்சினுக்குத்தான் போகுது. அன்னையிலேருந்து வாயை எண்ணுறதில்ல, வால் பக்கத்துக் குழாயைத்தான் எண்ணுறேன்.

அது எல்-39 அல்பட்ராஸ். செக்கோஸ்லோவாக்கியாவுல பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்க செஞ்சது, 1968-ல முதல்ல பறந்துச்சு, மொத்தம் 2,800-க்கும் மேல கட்டினாங்க, பனிப்போர் முடிஞ்சப்புறம் நிறைய தனியார் கைக்கு வந்துச்சு, அதனாலதான் ராணுவத்துக்கு சம்பந்தமே இல்லாத சின்ன ஏர்ஃபீல்டுலயும் நிக்குது. கரடுமுரடான ஓடுதளத்துலயும் இறங்கணும்னு யோசிச்சு செஞ்சதால காத்து வாயை றெக்கைக்கு மேல உயரத்துல வச்சாங்க, சக்கரம் கிளப்புற கல்லும் மண்ணும் எஞ்சினுக்குள்ள போகாது. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உக்கார்ற மாதிரி ரெண்டு சீட்டு, முழுசா 12 மீட்டர்தான் நீளம். கையை நீட்டி சுண்டு விரலைப் பிடிச்சா விரல் அகலத்துக்குள்ள அது அடங்குச்சுன்னா சுமார் 700 மீட்டர் தள்ளி இருக்குன்னு அர்த்தம்.

றெக்கையோட ரெண்டு நுனியிலயும் சுருட்டு மாதிரி எரிபொருள் டாங்கி, அதோட மூக்குலதான் லேண்டிங் லைட்டு. நேரா நம்மள நோக்கி இறங்குறப்ப உடம்பு ஒரு புள்ளியா கூடத் தெரியாது, ரெண்டு வெளிச்சம் மட்டும் அகலமாத் தள்ளித் தள்ளி மிதந்து வரும், அதைப் பாத்தாலே எனக்கு மனசு குதிக்கும். தரையில ஸ்டார்ட் பண்றதையும் கேளுங்க, முதல்ல உடம்புக்குள்ள இருக்கிற ஒரு குட்டி டர்பைன் மெல்லிசா ஊளையிடும், அது அழுத்தின காத்தை அனுப்பி பெரிய எஞ்சினைச் சுத்த விடும், அப்புறம்தான் அடித்தொண்டைச் சத்தம் ஏறும்.

எந்த விமானம் எங்க பறக்குதுன்னு மேப்புல காட்டுற ஃப்ளைட்ரேடார்24 மாதிரி ஆப்பைத் திறந்தா வேலை முடிஞ்சதேன்னு தோணும். விமானம் 1090 மெகாஹெர்ட்ஸ்ல தன்னோட இடத்தை செகண்டுக்கு ரெண்டு தடவை சொல்லிக்கிட்டே போகும்ங்கிறது நிஜம், ஆனா அந்த சிக்னல் நேர்கோட்டுலதான் வரும், தாழப் பறக்குறப்ப குன்றோ கட்டடமோ மறைச்சா ரிசீவருக்கு எட்டாது, பழைய ராணுவ ஜெட்டுல அந்தக் கருவியே இல்லாமலும் இருக்கும். அப்ப உடம்புல எழுதியிருக்கிற பதிவு எழுத்துதான் கை கொடுக்கும், இந்தியாவுக்கு விடி (VT), இலங்கைக்கு 4ஆர் (4R), அமெரிக்காவுக்கு என் (N), இப்படி முதல் எழுத்தே நாட்டைச் சொல்லிடும், பல நாடுகள்ல முழு எண்ணையும் பதிவேட்டுல தேடிப் பாக்கலாம்.

எழுத்தும் கண்ணுல படலன்னா, போன்ல படம் தேடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நாலு கோடு போட்டு வரைஞ்சுடுங்க. றெக்கை உடம்புக்கு மேலயா கீழயா, குழாய் எத்தனை, வால் எந்த எழுத்து மாதிரி, நுனியில டாங்கி உண்டா. அடுத்தவங்க எடுத்த போட்டோவைப் பாத்த நிமிஷமே நம்ம ஞாபகம் அந்தப் போட்டோ மாதிரி மாறிடும், அப்புறம் நீங்க பாத்தது எது, படத்துல இருந்தது எதுன்னு பிரிக்கவே முடியாது.