இதயத்துக்கு மாத்திரை, சிறுநீரகத்துக்கு இளநீர்

சென்ற கோடையில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தென்னை விவசாயி ஒருவரை அழைத்து வந்தார்கள். 60 வயதைக் கடந்தவர். இதயம் பலவீனமாகி ஓராண்டாக மாத்திரை எடுத்து வருபவர். கைகால் துவண்டிருந்தன. நாடி நிமிடத்துக்கு 38. ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 7.1 இருந்தது. எந்த நிமிடமும் இதயம் நின்றுவிடக்கூடிய அளவு அது.

கால்சியம் ஊசியும், குளுக்கோஸுடன் இன்சுலினும் கொடுத்து மீட்ட பிறகு மகனிடம் விசாரித்தேன். "கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்றார்கள். சிறுநீரகத்துக்கு நல்லதென்று தினமும் மூன்று இளநீர் வெட்டிக் கொடுத்தேனுங்க" என்றார். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் தளர்கிறதென்று பொருள். இளநீர் கொடுத்தது தகப்பன் மேல் உள்ள பாசத்தில் செய்தது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இளநீரால் கெடுதல் இல்லை. ஓர் இளநீரில் ஏறக்குறைய அரை கிராம் பொட்டாசியம் இருக்கிறது. மிகுந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அது தளர்ந்தவருக்கோ ரத்தத்திலேயே தேங்கும். இதயத்தைக் காக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் சிலவும் பொட்டாசியத்தைப் பிடித்து வைப்பவை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத்திரைதான் அவரை ஓராண்டு நடமாட வைத்தது. ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல், உணவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வதே வழி.

இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவே இருக்கும் சிறுநீரகங்களுக்கு, இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. இறைப்பது குறைந்தால், உடம்பில் நீர் வற்றிவிட்டதென்று எண்ணிச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். சிறுநீரகம் கெட்டாலும் ரத்த அழுத்தம் ஏறி இதயச் சுவர் தடிக்கும். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1836இலேயே, சிறுநீரக நோயால் இறந்தவர்கள் பலரின் இதயம் பருத்திருந்ததை எழுதிவைத்தார். கரண்டியில் சிறுநீரை ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சி, புரதம் திரண்டு வருகிறதா என்று பார்ப்பது அக்காலப் பரிசோதனை.

ஆல்புமின் என்னும் அதே புரதத்தை இன்று ஆய்வகத்தில் துல்லியமாக அளக்கலாம். சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்று கேளுங்கள். 30க்கு மேல் இருந்தால் சிறுநீரகத்தோடு இதயத்தையும் கவனிக்க வேண்டும். கிரியாட்டினின் ஏறும் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். "நெஞ்சுக்குப் பார்க்க வந்தேன், சிறுநீர் எதற்குங்க?" என்று கேட்பவர்களிடம் நான் பொறுமையாகவே விளக்குகிறேன். தறியில் நாள் முழுக்க நின்று, மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களிடம் மட்டும் குரல் சற்று உயர்ந்துவிடுகிறது. வலி மாத்திரைகளில் பல, இரண்டு உறுப்புகளையும் ஒருசேரக் கெடுப்பவை.

அந்த விவசாயி தவறாமல் வருகிறார். சென்ற முறை பொட்டாசியம் 4.8.