எட்டு சிலிண்டர், ஒரே வரிசை: பழைய பியூக் எஞ்சினில் சூப்பர்சார்ஜர்

அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1936 முதல் 1952 வரை தயாரித்த 320 கன அங்குல எஞ்சினில் எட்டு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். போர் (சிலிண்டரின் விட்டம்) 3 7/16 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 4 5/16 அங்குலம், மொத்தக் கொள்ளளவு சுமார் 5.2 லிட்டர். 1941-ல் இரண்டு கார்புரேட்டரோடு வந்தபோது 165 குதிரைத்திறன் தந்தது. அதே எடையில் இரண்டு மடங்கு சக்தி தரும் வி-8 எஞ்சின் எளிதாகக் கிடைக்கும் நாட்டில், கஸ்டம் கார் கட்டுபவர்கள் சிலர் இன்னும் இதைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். பானட்டைத் திறந்தால் கண்ணில் படும் அந்த நீளம்தான் காரணம். வேலையைக் கடினமாக்குவதும் அதே நீளம்தான். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜரை (புளோயர் என்றும் சொல்வார்கள்) வாங்கி மாட்டுவது இதில் சின்ன வேலை.

முதலில் கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அது ஈரத்துணியைப் பிழிவதுபோல் கொஞ்சம் முறுக்கப்பட்டு, உடனே திரும்புகிறது. தண்டின் நீளம் இரட்டித்தால் முறுக்கை எதிர்க்கும் விறைப்பு பாதியாகும், சுழலும் பொருளின் நிலைமம் இரட்டிக்கும். இரண்டும் சேர்ந்து அதன் இயல்பு அதிர்வெண்ணைப் பாதிக்கு இறக்கிவிடும். எட்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு, 3,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 200 முறை அடி விழும். இந்த எண்ணோ இதன் மடங்கோ தண்டின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் வேகங்களில் முறுக்கு வளர்ந்துகொண்டே போகும். சூப்பர்சார்ஜர் அந்த வேகங்களை மாற்றாது, ஒவ்வொரு அடியின் பலத்தைத்தான் கூட்டும். அதனால் பழைய எஞ்சின் அலட்டாமல் கடந்துபோன ஒரு வேகத்தில் புதிய எஞ்சின் கிராங்கை உடைக்கலாம்.

இதை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். டியூசன்பெர்க் ஜே எஞ்சினின் கிராங்கில் பாதரசம் அடைத்த குப்பிகளைப் பொருத்தி அதிர்வை விழுங்கவைத்தார்கள். 1932-ல் சூப்பர்சார்ஜர் வைத்த எஸ்ஜே வந்தபோது கனெக்டிங் ராடுகளைக் குழாய் வடிவ எஃகுக்கு மாற்றினார்கள். இன்னும் அழகான தீர்வு இத்தாலியில் நடந்தது: 1931-ன் ஆல்ஃபா ரோமியோ 8சி 2300-ல் விட்டோரியோ யானோ கிராங்கை இரண்டு பாதியாகச் செய்து, நடுவில் பல்சக்கரம் வைத்து, கேம் ஷாஃப்டையும் சூப்பர்சார்ஜரையும் அங்கிருந்தே ஓட்டினார். தண்டின் நடுப்பகுதி அதன் முன்முனையான மூக்கைவிட மிகக் குறைவாகவே முன்பின் ஆடும்.

பியூக்கில் அந்த வசதி கிடையாது. பெல்ட்டை முன்மூக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆட்டம் அதிகம் உள்ள இடமும் அதுவே. புளோயர் புல்லிக்கு இடம் வேண்டுமென்று, அதிர்வைத் தணிக்க ரப்பர் வைத்த டேம்பரைக் கழற்றிவிடும் வேலையை மட்டும் செய்யவே கூடாது. புல்லியை டேம்பரின் நடு ஹப்பில் போல்ட் செய்ய வேண்டும், ரப்பருக்கு வெளியே உள்ள வளையத்தில் அல்ல. வளையத்தில் பிடித்தால் பெல்ட் இழுப்பு ரப்பரைக் கிழிக்கும், டேம்பரும் தன் வேலையை விட்டுவிடும். பெல்ட்டுக்கு ஸ்பிரிங் டென்ஷனர் கட்டாயம். இறுக்கிப் பூட்டிய டென்ஷனர் மூக்கின் ஆட்டத்தை அப்படியே புளோயர் பேரிங்குக்கு அனுப்பிவிடும்.

ஆட்டம் முன்னால் அதிகமென்றாலும், உடைக்கும் விசை குவிவது பின்னால், பிளைவீலுக்கு அருகே. விரிசல் அங்கே ஜர்னலின் (பேரிங்கில் சுழலும் பகுதி) ஓர வளைவிலோ எண்ணெய்த் துளையின் விளிம்பிலோ தொடங்கி 45 டிகிரி சாய்வாக ஓடும். எனவே கிராங்கை லேத்துக்கு அனுப்பும் முன்பே விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனை செய்துவிட வேண்டும். கிரைண்ட் செய்பவரிடம் ஓர வளைவை அதே ஆரத்தில் விடச் சொல்ல வேண்டும். கூர்மூலையாக விட்டால் புத்தம்புது கிராங்கும் அங்கேதான் போகும்.

இந்த பிளாக்கில் மெயின் பேரிங் ஐந்துதான். இரண்டு சிலிண்டருக்கு ஒன்று. ஐந்தும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். ஐந்தையும் ஒரே கோட்டில் கடையும் லைன் போரிங் செய்யாமல் மேலே போவதில் அர்த்தமில்லை. பழைய எஞ்சின்களின் கனெக்டிங் ராடில் ஒயிட் மெட்டல் என்ற மென்மையான கலப்புலோகம் ஊற்றிய பேரிங் இருக்கும். அந்தத் தடித்த பூச்சு சாதாரண ஓட்டத்துக்குப் போதும். பூஸ்டின் (சூப்பர்சார்ஜர் கூட்டும் அழுத்தம்) அடி விழுந்தால் விரிசல் விட்டுச் செதிலாக உதிரும். ராடைக் கடைந்து மெல்லிய ஷெல் பேரிங் வைக்க வேண்டும். இடைவெளிக் கணக்கு: ஜர்னல் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.025 மி.மீ. எண்ணெயில் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டும் பழைய பைபாஸ் ஃபில்டரை எடுத்துவிட்டு, முழு எண்ணெயும் கடந்துபோகும் ஃபில்டரை வைக்க வேண்டும். ஒயிட் மெட்டலில் தூசி புதைந்து அடங்கிவிடும், ஷெல்லில் அது கீறும்.

பிஸ்டன் ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) 2618 ரக அலுமினியம். அது அதிகம் விரியும். சுவர் இடைவெளி நான்கு தவ் வரை தேவை. குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் தடதடக்கும், அது குற்றமல்ல. மேல் ரிங் இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம்: அங்குலத்துக்கு ஆறு தவ் வீதம் இந்த போருக்கு சுமார் 0.52 மி.மீ. குறைத்தால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டி, பிஸ்டனின் ரிங் வரம்பைப் பெயர்த்தெடுக்கும். ஒரு சிலிண்டரின் பெருக்களவு 656 சி.சி. கம்ப்ரஷன் 7-க்கு 1 வேண்டுமானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது கேஸ்கட்டையும் சேர்த்து 109 சி.சி. மிஞ்ச வேண்டும். பியூரெட்டில் அளந்தே பார்க்க வேண்டும், கேட்டலாக் எண்ணை நம்பக் கூடாது.

இப்போது காற்று. ஈட்டன் எம்112 என்ற சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம் தள்ளும். கிராங்க் ஒரு சுற்றுக்கு அது இரண்டு சுற்று ஓடும்படி புல்லி வைத்தால் 224. ரோட்டர் இடுக்கில் 15 சதவீதம் கசிந்தால் மிச்சம் 190. எஞ்சின் ஒரு சுற்றில் தன் 320-ல் பாதியான 160 இழுக்க வேண்டும். பழைய போர்ட்டுகளில் 85 சதவீதம்தான் நிரம்பும், ஆக 136. 190-ஐ 136-ஆல் வகுத்தால் 1.4, வளிமண்டலத்துக்கு மேல் சுமார் 6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). போதும். 30 டிகிரி செல்சியஸில் நுழையும் காற்று இந்த அழுத்தத்தில் 85 டிகிரியை நெருங்கும், புளோயரே 15 முதல் 20 குதிரைத்திறனைத் தின்னும். எல்லாம் போக சுமார் 220 கையில் நிற்கும். 10 பி.எஸ்.ஐ. ஆசை வந்தால் வேறு எஞ்சின் தேடுவது மலிவு.

எரிபொருளில்தான் நீளம் மறுபடி வந்து மறிக்கும். கார்புரேட்டரைப் புளோயருக்கு முன்னால் வைத்தால் ஈரக் கலவை, சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மானிஃபோல்டின் நடுவில் நுழைந்து இரு முனைக்கும் ஓட வேண்டும். காற்று எளிதாகத் திரும்பும், பெட்ரோல் துளி திரும்பாது. மெதுவான ஓட்டத்தில் துளி நடுவிலேயே சுவரில் படிந்து முனை சிலிண்டர்கள் வறளும். முழுத் திராட்டிலில் துளி கிளைகளைத் தாண்டிப் பாய்ந்து முனையில் குவிந்து நடு சிலிண்டர்கள் வறளும். பூஸ்ட் இல்லாத எஞ்சினில் வறட்சி வந்தால் கொஞ்சம் திக்கும். பூஸ்டில் வறண்டால் நாக்கிங் (கலவை தானாக வெடித்தல்), பிறகு பிஸ்டனில் ஓட்டை.

கார்புரேட்டரில் இன்னொரு பொறி உண்டு. பவர் வால்வு தன் கீழே வெற்றிடம் குறையும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் விடும். ஆனால் கார்புரேட்டருக்கும் புளோயருக்கும் நடுவில், புளோயர் உறிஞ்சுவதால், கீழே பூஸ்ட் ஏறிய பிறகும் வெற்றிடம் நிற்கலாம். அதிகம் தேவைப்படும் நொடியில் வால்வு மூடியே கிடக்கும். பழைய வழியை அடைத்து, புளோயருக்குக் கீழே உள்ள மானிஃபோல்டிலிருந்து ஒரு குழாய் இழுத்து வால்வுக்குக் கொடுக்க வேண்டும். ஈரக் கலவை நிரம்பிய மானிஃபோல்டு பின்னடித்தால் வெடிக்கும். அழுத்தம் விடும் வால்வு ஒன்றும் கட்டாயம்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்றால் ஒவ்வொரு சிலிண்டர் பக்கமும் ஒரு இன்ஜெக்டர். முழுச் சக்தியில் மணிக்கு சுமார் 80 லிட்டர் பெட்ரோல். எட்டாகப் பங்கிட்டு கொஞ்சம் இடம் விட்டால் நிமிடத்துக்கு 250 சி.சி. இன்ஜெக்டர் சரியாக வரும். தோற்றம் கெடுமென்று முணுமுணுப்பவர்கள் இருப்பார்கள். பிஸ்டன் விலை தெரிந்தவர்கள் இன்ஜெக்டரைத்தான் எடுப்பார்கள்.

இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், எக்ஸாஸ்ட் சூட்டை மேலே அனுப்பும் வழியைத் தகடு வைத்து அடைக்க வேண்டும். 80 செ.மீ. வார்ப்பிரும்பு 500 டிகிரி ஏறினால் நான்கு மி.மீ.க்கு மேல் நீளும். மானிஃபோல்டு நகர இடம் தராமல் நட்டை முறுக்கினால் அதன் போல்ட் காது உடையும். பிளாக்கின் வெல்ச் பிளக்குகளை (குளிர்நீர் வழியை மூடும் தகடுகள்) கழற்றி, ஏழாவது, எட்டாவது சிலிண்டரைச் சுற்றி இறுகிக் கிடக்கும் துருவையும் சேற்றையும் கம்பியால் நோண்டி எடுக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு முனைக்கும், மூன்று சுற்றாக இறுக்க வேண்டும்.

இக்னிஷனில் பொறி விழும் நேரத்தை ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஒரு டிகிரி பின்னிழுத்துத் தொடங்கலாம். எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள ஒரே ஆக்சிஜன் சென்சார் எட்டு சிலிண்டரின் சராசரியைத்தான் சொல்லும். ஏழு செழித்து ஒன்று வறண்டாலும் எண் அழகாகவே இருக்கும். எனவே எட்டு ஸ்பார்க் பிளக்கையும் தனித்தனியே கழற்றிப் பார்த்தாக வேண்டும்.

வேகம் 4,000-ஐத் தாண்ட வேண்டாம். அங்கேயே பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 14.6 மீட்டர். இழுவை கீழேயே கிடைப்பதால் பின் ஆக்ஸிலை மாற்றுவது நல்லது: 28 அங்குல டயரில் 4.1 விகிதம் இருந்தால் மணிக்கு 100 கி.மீ.க்கு எஞ்சின் 3,060 சுற்று ஓடும், 3.0 வைத்தால் 2,240.