கட்டேஜிஸ்: பிறழ்வுக் கொட்டுமழை

நீலகிரி மாவட்டத்தின் சராசரி மழை என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு யாரும் உருளைக்கிழங்கு நடுவதில்லை. ஜூலையில் தேவாலாவில் விடாமல் கொட்டும்போது, அதே மாவட்டத்து மசினகுடி மழைமறைவில் காய்ந்து கிடக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. பெய்தது. புற்றுநோய்ச் செல்லின் டி.என்.ஏ.வில் விழும் மாற்றங்களும் இப்படித்தான், இடத்துக்கு இடம் வேறு.

டி.என்.ஏ.வின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மாற்றங்கள் நெருக்கமாகக் குவிந்து கிடப்பதுண்டு. அந்த அவலாஞ்சி மழைக்கு நிகரான இதற்கு 2012-இல் வைத்த பெயர்தான் கட்டேஜிஸ். 21 மார்பகப் புற்றுக் கட்டிகளின் முழு மரபுத்தொகுதியை ஆராய்ந்த இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனக் குழு, இடிமழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தது.

தமிழில் என்ன சொல்வது? முதலில் மியூட்டேஷன், அதாவது டி.என்.ஏ.வில் விழும் இந்த மாற்றம். தமிழகப் பாடநூலில் சடுதிமாற்றம், இலங்கையில் விகாரம். புற்றுக் கட்டியில் இவை பல ஆண்டுகளாகச் சேர்பவை. அதனால் ‘சடுதி’ இங்கே பொருந்தவில்லை. பிறழ்வு பொருந்தும், பிறழ்சாட்சி என்று நீதிமன்றச் செய்தியில் தினமும் படிக்கிற சொல்தான். கட்டேஜிஸுக்குச் சிலர் ‘குவிபிறழ்வு’ என்கிறார்கள் எனில், அது நெருங்கி விழும் எல்லா வகைக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். கட்டேஜிஸுக்குப் ‘பிறழ்வுக் கொட்டுமழை’ என்பதே சரி. புயல் என்றால் பரப்பு பெரிதாகிவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. டி.என்.ஏ. என்பது நான்கு வேதி எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. பிறழ்வுகளை நிறமூர்த்த (குரோமோசோம்) வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முந்தையதற்கும் எத்தனை எழுத்துத் தூரம் என்று கணக்கிட்டு, மடக்கை அளவில் புள்ளி வைக்க வேண்டும். இதன் பெயரே மழை வரைபடம். 300 கோடி எழுத்துகளில் 3,000 பிறழ்வுகள் இருந்தால் சராசரி இடைவெளி 10 லட்சம் எழுத்து. கொட்டுமழை உள்ள இடத்தில் புள்ளிகள் சில நூறு எழுத்துக்கு இறங்கித் தாரையாக நிற்கும். அடுத்தடுத்து 6 பிறழ்வுகளாவது, சராசரி இடைவெளி 1,000 எழுத்துக்குள் என்பது வழக்கமான வரையறை.

கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கே மாறியிருப்பது பெரும்பாலும் அந்த நான்கில் ஒன்றான சைட்டோசின். அதற்கு முந்தைய எழுத்து தைமின். எல்லாம் டி.என்.ஏ.வின் இரு இழைகளில் ஒரே இழையில். வைரஸைத் தாக்க உடலில் இருக்கும் ஏபோபெக் நொதிகளின் தடம் இது. டி.என்.ஏ. முறிந்து, பழுது பார்க்கையில் ஓர் இழை மட்டும் வெளியே தெரியும் நேரத்தில் நொதி அதில் பாய்கிறது. அதனால்தான் நிறமூர்த்தம் உடைந்து மாறி ஒட்டிய இடத்தருகே இது அடிக்கடி தென்படும்.

போலி மழையும் உண்டு. டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படித்துத்தான் சேர்க்கிறார்கள்; திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் அந்தத் துண்டுகள் தவறான இடத்தில் பொருத்தப்பட்டாலும், அதே நோயாளியின் இரத்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பிறவி வேறுபாடுகளை நீக்காவிட்டாலும் தாரை தெரியும். ஒரே இழையா, தைமின் முன்னால் நிற்கிறதா என்று பார்க்காமல் பெயர் சூட்டக் கூடாது.

கொட்டுமழையை ஒதுக்கிவிட்டாலும் மீதி சீராக இல்லை. செல் பிரியும்போது கடைசியாகப் படியெடுக்கப்படும், இறுக்கமாகச் சுருண்ட பகுதிகளில் பிறழ்வு அதிகம். ஓயாமல் வேலை செய்யும் மரபணுக்களில் குறைவு. இதைப் ‘பிறழ்வு விகிதம்’ என்று எழுதுவது தவறு. விகிதம் இரண்டு அளவுகளின் ஒப்பீடு. ரேட் என்பது வீதம். கட்டியில் நாம் எண்ணுவது வீதம்கூட இல்லை, இதுவரை சேர்ந்து நிற்கும் அடர்த்தி.

வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் எங்கே எவ்வளவு சேதம் என்பதைவிட எங்கே எவ்வளவு பழுது நீக்கம் என்பதே. பொருந்தா எழுத்துகளைத் திருத்தும் அமைப்பு செயலிழந்த கட்டிகளில் இந்த ஏற்றத்தாழ்வு பெரிதும் மட்டமாகிவிடுகிறது: தேவாலாவிலும் மசினகுடியிலும் ஏறக்குறைய ஒரே மழை.