மாடுலர், ப்ரீஃபேப்: மருத்துவமனைக் கட்டுமானத்தில் புழங்கும் சொற்கள்

‘மாடுலர் மருத்துவமனை’ என்று செய்தியில் வந்தாலே தகரக் கொட்டகை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. 2020 தொடக்கத்தில் சீனாவின் வூஹானில் 1000 படுக்கைகளோடு சுமார் 10 நாளில் எழுந்த ஹுவோஷென்ஷான் மருத்துவமனையும் இதற்கு ஒரு காரணம். அது அவசரத்துக்குக் கட்டியது, சரி. ஆனால் ஒரே அளவுக்கு அடங்கும் பகுதிகளாகச் செய்து, தளத்தில் பொருத்திக் கட்டுவதுதான் மாடுலர்; ‘தற்காலிகம்’ என்ற பொருள் அந்தச் சொல்லில் இல்லவே இல்லை.

லத்தீனில் ‘மாடுலுஸ்’ என்றால் சிறிய அளவு. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், தூணின் தடிமனிலிருந்து ஓர் அடிப்படை அளவை எடுத்துக்கொண்டு மற்ற பாகங்களைக் கணக்கிடச் சொன்னார்; அந்த அளவுக்கு இந்தப் பெயர். தமிழில் ‘மட்டு’ என்றாலும் அளவுதான். மட்டுமீறுதல், மட்டுப்படுத்துதல் எல்லாம் அதில் பிறந்தவை. பள்ளிக் கணக்கிலும் ‘மாடுலஸ்’ மட்டு மதிப்பு ஆகிவிட்டது. ஆகவே ‘மட்டுக் கட்டுமானம்’ என்பதே என் தேர்வு. ‘கூறுநிலை’ என்றும் எழுதலாம். ஆனால் ‘கூறு’ துண்டைச் சொல்கிறதே தவிர, துண்டுகள் ஒரே அளவுக்கு அடங்குவதைச் சொல்லவில்லை.

‘ப்ரீஃபேப்’ அவ்வளவு சிக்கலில்லை. ‘ஃபாபெர்’ என்றால் லத்தீனில் கைவினைஞர்; முன்கூட்டியே செய்தது, அதாவது முன்தயாரிப்பு. இதை ‘முன்வார்ப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது கான்கிரீட்டை அச்சில் வார்த்துக் கொண்டுவரும் ப்ரீகாஸ்ட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

முறை ஒன்றும் புதிதல்ல. 1855-இல், கிரிமியப் போரின்போது, பொறியாளர் புரூனெல் வடிவமைத்த மர வார்டுகள் இங்கிலாந்தில் தயாராகி, கப்பலில் துருக்கியின் ரென்கியோய்க்குப் போய்ப் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு கூடமும் 50 நோயாளிகளுக்கானது. கழிப்பறையும் காற்றோட்டமும் அதனதனுக்கே உண்டு. அது மட்டு இல்லாமல் வேறென்ன?

இன்றைய மருத்துவமனையில் இந்த முறை நன்றாக எடுபடும் இடம் நடைபாதையின் பொய்க்கூரைக்கு மேலே இருக்கும் இடைவெளி. ஆக்சிஜன் குழாய், ஏசி காற்று போகும் டக்ட், தண்ணீர்க் குழாய், கேபிள் தட்டு என்று கை நுழைய இடமிருக்காது. ஏணியில் நின்று ஒவ்வொன்றாக மாட்டுவதற்குப் பதில், தொழிற்சாலையில் ஓர் இரும்புச் சட்டத்துக்குள் எல்லாவற்றையும் கோத்து, சோதித்து, அப்படியே தூக்கிப் பொருத்துகிறார்கள். குளியலறையும் டைல்ஸ், குழாய் சகிதம் முழுதாக வந்து இறங்கும். ஏற்கெனவே இயங்கும் மருத்துவமனையை விரிவாக்கும்போது இதில் இன்னொரு லாபம்: தூசி குறைவு. கட்டுமானத் தூசியோடு பரவும் பூஞ்சை வித்துகள் எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகளுக்கு ஆபத்தானவை.

இதனோடு ஒட்டிவரும் சொல் ‘பிம்’ (BIM): கட்டடத் தகவல் மாதிரியாக்கம், அதாவது கட்டடத்தை முதலில் கணினியில் மாதிரியாகக் கட்டிப் பார்ப்பது. ‘முப்பரிமாணப் படம்’ என்று சுருக்கினால் பாதி போய்விடும். திரையில் ஒரு குழாயைத் தொட்டால் அதன் விட்டம், பொருள், போகும் அறை எல்லாம் தெரியவேண்டும். ‘தகவல்’ என்ற சொல் அதற்காகத்தான். டக்ட், கட்டடத்தைத் தாங்கும் பீமுக்குள் (உத்தரத்துக்குள்) புகுந்தால் மாதிரியிலேயே அகப்பட்டுவிடும். தயாராகி வந்த சட்டத்தைத் தளத்தில் வெட்டிச் சரிசெய்வது பெரும்பாடு. மாதிரியில் இப்படி முன்கூட்டியே பார்க்கும் சோதனையை ‘மோதல் கண்டறிதல்’ என்று மொழிபெயர்ப்பதுண்டு. ‘டக்ட் பீமில் இடிக்கிறது’ என்று எழுதினாலே எல்லாருக்கும் புரியும்.