காயத்தோடு காப்பாற்றப்பட்ட விமானம்

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏர்பஸ் ஏ320 விமானத்தைப் பலருக்கும் நினைவிருக்கும். லாகார்டியா விமான நிலையத்திலிருந்து சார்லட் நகருக்குக் கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் 1549. சுமார் 2,800 அடி உயரத்தில் கனடா வாத்துக் கூட்டம் மோதியதில் இரண்டு இன்ஜின்களும் கிட்டத்தட்ட செயலிழந்தன. கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கரும் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸும் விமானத்தை ஆற்றில் இறக்கினார்கள். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இத்தோடு முடிந்துவிடும். ஆனால் அந்த விமானம் இன்றும் ஒரு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறி, அடிவயிறு கிழிந்துபோன ஒரு பயணிகள் விமானத்தை அப்படி நிறுத்தி வைப்பது லேசான வேலை இல்லை.

முதல் சிக்கல் அந்தத் தண்ணீர்தான். ஹட்சன் பெயருக்கு ஆறு என்றாலும், மன்ஹாட்டன் பக்கத்தில் அது கடலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கழிமுகம். தண்ணீரில் உப்பு உண்டு. நீரோட்டத்தில் தெற்கே நகர்ந்த விமானத்தை மன்ஹாட்டனின் தென்முனையில் கட்டி வைத்து, ஜனவரி 17 இரவு கிரேனால் தூக்கிப் படகுமேடையில் ஏற்றினார்கள். கழன்று விழுந்த இடது இன்ஜின், 23ஆம் தேதிதான் ஆற்றின் அடியிலிருந்து மேலே வந்தது.

தண்ணீரை விட்டு வெளியே எடுத்ததும் ஆபத்து தீர்ந்தது என்று தோன்றும். உண்மையில் அப்போதுதான் அரிப்பு வேகம் பிடிக்கும். தண்ணீர் ஆவியாக ஆக உப்பின் செறிவு கூடும், காற்றில் ஆக்சிஜனுக்கும் பஞ்சமில்லை. கடல் நீரில் விழுந்த விமானப் பாகங்களை எடுத்தவுடன் நல்ல தண்ணீரால் கழுவுவதும், கழுவும் வசதி வரும்வரை ஈரமாகவே வைத்திருப்பதும் இதனால்தான்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. காற்று பட்டவுடனே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அந்தப் படலம்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அயனிகள் இந்தப் படலம் பலவீனமான இடமாகப் பார்த்து உடைத்து நுழையும். அலுமினியப் பாத்திரத்தில் உப்பு போட்ட புளிக்குழம்பை இரண்டு நாள் விட்டுவைத்தால் அடியில் ஊசி குத்தியதுபோலக் குழிகள் விழுமே, அதே வேலைதான். குழி விழுந்த பிறகு அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. கரைந்த அலுமினிய அயனிகள் தண்ணீரோடு வினைபுரிந்து குழிக்குள் அமிலத்தை உண்டாக்கும். அங்கே நேர்மின்னூட்டம் சேரச் சேர, வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படும். அமிலமும் குளோரைடும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் உலோகத்தைக் கரைக்கும். மேலே பார்த்தால் சிறு வெள்ளைப் பொடி மட்டும் தெரியும். அடியில் குழி ஆழமாகிக்கொண்டே போகும்.

விமானத் தகடு சுத்த அலுமினியமும் அல்ல. உடற்பகுதிக்குப் பெரிதும் பயன்படும் 2024 என்ற கலவையில் சுமார் 4 சதவீதம் செம்பு உண்டு. வலிமையைத் தருவது செம்புதான், அரிப்புக்கு இடம் கொடுப்பதும் அதுதான். செம்பு அதிகமுள்ள துகள்களும் சுற்றியுள்ள அலுமினியமும், உப்பு ஈரம் பட்டால், ஒரு சின்ன பேட்டரிபோல ஆகிவிடும், அலுமினியம் கரையும். இதைத் தடுக்கத்தான் தகட்டின் இருபுறமும் மெல்லிய சுத்த அலுமினியப் பூச்சு கொடுத்து, அதன் மேல் பெயின்ட் அடிக்கிறார்கள். தகடு முழுசாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். கிழிந்துவிட்டால், கிழிந்த விளிம்பில் செம்புக் கலவை எந்தக் காப்பும் இல்லாமல் வெளியே தெரியும். அரிப்பு அங்கே சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்த விமானத்தில் காப்பாற்ற வேண்டியதே அந்தக் கிழிந்த விளிம்புகளைத்தான். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கிட்டபடி, விமானம் தண்ணீரைத் தொட்டபோது நொடிக்கு 12.5 அடி வேகத்தில் கீழே வந்துகொண்டிருந்தது. விமான வகைக்குப் பாதுகாப்புச் சான்று தரும்போது, நீரில் இறங்குவதற்கான கணக்கு எடுத்துக்கொண்டதோ நொடிக்கு 3.5 அடி. மூக்கு சற்று மேல் நோக்கியிருந்ததால் பின்பகுதி முதலில் அடி வாங்கியது. அடித்தகடு பிய்ந்தது, உள்ளிருந்த ஒரு உத்தரம் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து பின்னால் இருந்த பணிப்பெண்ணின் காலைக் காயப்படுத்தியது. இவ்வளவையும் அந்த உலோகமே காட்டுகிறது. புதுத் தகடு வைத்து அடைத்துப் பளபளவென்று பெயின்ட் அடித்தால் விமானம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது எந்த ஏ320 ஆகவும் இருக்கலாம். சார்லட்டில் இருக்கும் அருங்காட்சியகத்தினர் பழுது பார்க்காமல், மீட்கப்பட்ட நிலையிலேயே வைப்பது என்று முடிவு செய்தார்கள். மீட்க வந்த படகுகள் இடித்த நெளிவுகள்கூட அப்படியே இருக்கின்றன. இந்த விமானத்துக்கு அதைவிடச் சரியான முடிவு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கழுவுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. எவ்வளவு சீக்கிரம் கழுவுகிறோமோ அவ்வளவு நல்லது உலோகத்துக்கு; ஆனால் தடயமும் தண்ணீரோடு போய்விடலாம். இன்ஜின்களுக்குள் ஒட்டியிருந்த இறகு, சதைத் துணுக்குகளை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவன ஆய்வாளர்கள் பரிசோதித்துத்தான் அவை கனடா வாத்துகள் என்று உறுதி செய்தார்கள். இறகில் இருந்த ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபடும் ஹைட்ரஜன் அணு வகைகளை) வைத்து, அவை உள்ளூரிலேயே தங்கும் வாத்துகள் அல்ல, வடக்கே கனடாவின் லாப்ரடார் பக்கத்திலிருந்து வலசை வந்தவை என்பதையும் கண்டுபிடித்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆற்றடியில் கிடந்த இடது இன்ஜினிலும் தடயம் மிஞ்சியிருந்தது.

சரி, எத்தனை முறை கழுவினாலும் ஒன்றன் மேல் ஒன்று படிந்த தகடுகளின் இடுக்கிலும் ரிவெட் தலைகளின் அடியிலும் கொஞ்சம் உப்பு தங்கத்தான் செய்யும். அப்புறம் செய்யக்கூடியது, அந்த உப்பை ஈரமாக விடாமல் பார்த்துக்கொள்வது. சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தை எட்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ஆனால் கடல் உப்போடு கூடவே வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் உலோகத்துக்குக் காற்று எவ்வளவு வறண்டிருந்தாலும் நல்லது. அதே விமானத்துக்குள் இருக்கும் இருக்கைத் துணிக்கும் தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மிகையான வறட்சி ஆகாது. ஈரம் கூடினாலோ பூஞ்சை பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைப் பிடித்து, அதை வருடம் முழுவதும் ஏறாமல் இறங்காமல் வைத்திருக்க வேண்டும்.

நீண்ட காலம் கடலில் கிடந்த விமானம் என்றால் வேலை வேறு மாதிரி. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்துக் கரையோரம் விழுந்த ஜெர்மனியின் டோர்னியர் 17 குண்டுவீச்சு விமானம் ஒன்றை 2013 ஜூன் மாதம் கடலடியிலிருந்து தூக்கினார்கள். இங்கிலாந்தின் காஸ்ஃபர்டில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வைத்து, நீர்த்த சிட்ரிக் அமிலக் கரைசலை மாதக்கணக்கில் தெளித்தார்கள். படிந்த கடல் வளர்ச்சிகளும் உள்ளே ஊறியிருந்த குளோரைடும் மெல்ல வெளியேற அது உதவியது. எழுபது வருட உப்போடு ஒப்பிட்டால் ஏ320 இரண்டே நாளில், அதுவும் உறையும் குளிரில், வெளியே வந்துவிட்டது. குளிரில் வேதிவினைகள் மந்தமாகும் என்பதும் அதற்குச் சாதகம்.

நியூ ஜெர்சியில் கிடங்கு ஒன்றில் கிடந்த விமானம் 2011 ஜூனில் சாலை வழியாகச் சார்லட்டுக்குப் போனது. இறக்கைகளைக் கழற்றிய பிறகும், 37 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஏ320 உடலைத் திருப்பங்களில் வளைத்து எடுத்துப் போவது சிரமம்; வழியில் பல நாட்கள் ஆயின. பிறகு இறக்கைகளை மறுபடி பொருத்தினார்கள். 2019இல் மூடப்பட்ட அந்த அருங்காட்சியகம், 2024 ஜூனில் சல்லன்பெர்கரின் பெயரோடு புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது.

அங்கே போக வாய்த்தால் எல்லோரும் முதலில் நிற்பது விமானி அறைப் பக்கம்தான். நீங்கள் நேராகப் பின்னால் போய், வாலுக்கு முன்னால் அடிவயிற்றைக் குனிந்து பாருங்கள். தகடு எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்பதைக் கவனித்தால், தண்ணீர் எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று நீங்களே சொல்லிவிடலாம்.