தூண்டுபவன் வாய் திறக்க வேண்டியதில்லை

பதின்பருவத்தைச் சொல்லும் நாவல்களில் ஒரு பாத்திரம் அடிக்கடி வரும். நாயகனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன், பேச்சில் கெட்டிக்காரன், முதல் சிகரெட்டை நீட்டுபவன். வீட்டில் சண்டை, பள்ளியில் அவமானம் என்று ஏற்கெனவே நொறுங்கி நிற்கும் பையனைப் பேசிப் பேசியே கரைத்துவிடுவான். கதைக்கு உரையாடல் வேண்டும். அதனால் தூண்டுதலும் அங்கே உரையாடலாகவே நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதை அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. தூண்டுபவன் பேச வேண்டிய அவசியமே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சரியான இடத்தில் சிரித்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

இது சின்ன வித்தியாசமல்ல. பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கும் தற்காப்பு முழுவதும் பேச்சுக்கு எதிரானது. கூப்பிட்டால் போகாதே, கொடுத்தால் வாங்காதே, முடியாது என்று சொல்லிப் பழகு. யாரும் கூப்பிடாமலே நடக்கும் ஒன்றை இவை எப்படித் தடுக்கும்?

2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். மொத்தம் 306 பேர். 13 முதல் 16 வயதுவரை ஒரு பிரிவு, 18 முதல் 22வரை இன்னொன்று, 24ஐத் தாண்டியவர்கள் மூன்றாவது. கணினித் திரையில் ஒரு கார் ஓடும். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எந்த நொடியிலும் குறுக்கே சுவர் எழும்பலாம். அதற்குள் எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவு புள்ளி. மோதினால் சேர்த்த புள்ளி போய்விடும். ஒவ்வொரு பிரிவிலும் சிலர் தனியாக ஆடினார்கள், மற்றவர்கள் தம் வயதுடைய இருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். தனியாக ஆடியபோது வயது பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. கூட ஆள் இருந்தபோது பதின்பருவத்தினர் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கானது. நடுப்பிரிவில் பாதியளவு கூடியது. 24ஐத் தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கூட இருந்தவர்கள் பேசலாம், "போ, போ" என்று கத்தலாம். அப்படியென்றால் வேலை செய்தது பேச்சா, இருப்பா? 2011இல் ஜேசன் செய்னும் ஸ்டைன்பெர்க்கும் சகாக்களும் 40 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆட்டத்தில் வரிசையாகச் சிக்னல்கள். மஞ்சள் விழுந்ததும் பிரேக் போட்டால் 3 நொடி வீண், போடாமல் பாய்ந்து தப்பித்தால் ஒன்றும் வீணில்லை, பாய்ந்து மோதினால் 6 நொடி வீண். சீக்கிரம் முடித்தால் கூடுதல் பணம். நண்பர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து திரையில் பார்ப்பார்கள். அது ஆடுபவருக்குத் தெரியும். பெரியவர்களின் ஆட்டம் இதனால் மாறவில்லை. 14 முதல் 18 வயதுக்காரர்கள் மட்டும் கூடுதலாகப் பாய்ந்தார்கள், கூடுதலாக மோதினார்கள்.

ஸ்கேனில் தெரிந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அந்தப் பிள்ளைகளின் மூளையில் வெகுமதியை எடைபோடும் பகுதிகள், குறிப்பாக வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழப்பகுதி, நண்பர் பார்க்கும்போது கூடுதலாக இயங்கியது. நிதானத்துக்கான நெற்றிப்புற மூளைப் பகுதிகளில் நண்பர் இருப்பதால் அப்படியொரு மாற்றம் தெரியவில்லை. அதாவது பையன் புத்தி கெட்டுப்போய்ப் பாயவில்லை. அதே மஞ்சள் விளக்கைக் கடப்பது அவனுக்கு அந்த நேரத்தில் அதிக மதிப்புள்ளதாகிவிட்டது.

எலிகளிடமும் இதன் ஒரு வடிவம் உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இளம் சுண்டெலிகள் தனியாக இருக்கும்போது குடித்ததைவிடக் கூண்டுத் தோழர்களோடு இருக்கும்போது அதிகம் மது குடித்தன. வளர்ந்த எலிகள் அப்படிச் செய்யவில்லை. எலி எலியிடம் "ஒரு வாய் குடித்துப் பார்" என்று சொல்லியிருக்க முடியாது.

ஏன் இந்த வயதில் மட்டும்? குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு மேல் நரம்பிணைப்புகளை உண்டாக்கிவிடுகிறது. பிறகு பயன்படாதவற்றைக் கவாத்து செய்வதுபோல் வெட்டி, மிஞ்சியவற்றின் மேல் மையலின் என்ற கொழுப்புறையைப் போர்த்தி வேகமாக்குகிறது. அமெரிக்க மூளை ஆய்வாளர் ஜே கீட் குழுவினர் ஒரே பிள்ளைகளைச் சுமார் இரண்டு ஆண்டு இடைவெளி விட்டுத் திரும்ப ஸ்கேன் செய்து 1999இல் வெளியிட்ட அளவுகளின்படி, நெற்றிப் பகுதியின் சாம்பல்நிறப் பொருள் பெண்களுக்குச் சுமார் 11 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 12 வயதிலும் உச்சம் தொட்டுப் பிறகு குறையத் தொடங்குகிறது. இந்தச் செதுக்கல் இருபதுகளிலும் நீள்கிறது. வெகுமதிப் பகுதியோ பூப்புப் பருவத்தோடு சேர்ந்தே கூர்மை அடைந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே சில ஆண்டுகள் இடைவெளி. நாவலாசிரியர்கள் தங்கள் நாயகனுக்குப் பதினைந்து, பதினாறு வயது கொடுப்பது தற்செயலாக இருக்காது.

ஆனால் இந்த வயதினரை அறிவு முதிராதவர்கள் என்று நினைப்பது தவறு. இந்தியா, கென்யா, ஜோர்டான் உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயதுவரையான 5,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. அமைதியாக உட்கார்ந்து யோசித்துத் தீர்க்கும் கணக்குகளில் 16 வயதுக்குள்ளேயே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறார்கள். உந்துதலை அடக்குவது, பின்விளைவை எண்ணிப் பார்ப்பது போன்றவை 18க்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆபத்தைப் பற்றிக் கேட்டால் பதின்பருவத்தினர் பல நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதையும் வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்று அவனுக்குத் தெரியும். தெரியாததால்தான் பிடிக்கிறான் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக் கூடத்தில் நாம் சொல்லும் புத்திமதியை மனமார ஒத்துக்கொள்ளும் அதே பிள்ளை, சனிக்கிழமை இரவு நான்கு பேர் நடுவில் வேறு மாதிரி நடப்பதில் பொய் எதுவும் இல்லை. இரண்டும் அவன்தான்.

இனி சிரிப்பு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உளவியலாளர் தாமஸ் டிஷியனும் சகாக்களும் 206 சிறுவர்களை அவரவர் நண்பனோடு ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். வயது 13, 14. பதிவைப் பார்த்தவர்கள் இரண்டை மட்டும் குறித்தார்கள். பேச்சு விதிமீறலைப் பற்றியதா, சாதாரணப் பேச்சா? அதற்கு அடுத்தவன் சிரித்தானா, சும்மா இருந்தானா? ஏற்கெனவே போலீஸ் வரை போன பையன்களின் ஜோடிகளில், திருட்டு, குடி, வாத்தியாரை ஏமாற்றியது என்று பேச்சு போனால் சிரிப்பு எழுந்தது. மற்றப் பேச்சு மௌனத்தில் விழுந்து செத்தது. மற்ற ஜோடிகளில் சிரிப்பு சாதாரணப் பேச்சுக்குக் கிடைத்தது. சிரிப்பு எங்கே கிடைக்கிறதோ பேச்சு அங்கேயே திரும்பிப் போகும். பேச்சு போகும் இடத்துக்குப் பின்னால் செயலும் போனது. அதுவரை புகை, மது, கஞ்சா தொடாத சிறுவர்களில் யார் அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொடங்குவார்கள் என்பதை இந்தச் சிரிப்புக் கணக்கு முன்கூட்டியே காட்டியது. அந்த அறையில் யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. இரண்டு நண்பர்கள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே.

இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் பெரியவர்கள் செய்த நல்ல காரியங்கள் கெடுதலாக முடிந்திருக்கின்றன. 1939இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில், சிறுவர்கள் வழிதவறாமல் தடுக்க, 506 பேரை ஒத்த ஜோடிகளாக்கி, காசு சுண்டி, ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் உதவினார்கள். ஆலோசகர் வீட்டுக்கு வருவார்; படிப்பில் உதவி, மருத்துவம், கோடை முகாம், எல்லாம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்துக் கணக்கெடுத்தபோது, குற்றம், குடி, மனநோய், அகால மரணம் போன்றவற்றில் உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. பிறகு அவர் நுணுகிப் பார்த்ததில், கேடு பெரும்பாலும் ஒரு தடவைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் திரண்டிருந்தது. பெரியவர்கள் காலையிலிருந்து மாலைவரை நல்லது சொன்ன முகாம்தான் அது. இரவில் கூடாரத்துக்குள் எந்தக் கதைக்குச் சிரிப்பு விழுந்தது என்பதை யார் கவனித்தார்கள்?

நியூ ஜெர்சியின் ராவே சிறையில் 1970களில் தொடங்கிய இன்னொரு முறை உண்டு. வழிதவறும் பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டவைப்பது. அந்த வகைத் திட்டங்களின் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறையைப் பார்க்காதவர்களைவிடப் பார்த்து வந்தவர்களே பிறகு அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். கெட்டுப்போன பிள்ளைகளை ஒரே வகுப்பில், ஒரே விடுதி அறையில் சேர்த்துத் திருத்தலாம் என்று நினைக்கும் எவரும் இந்த இரண்டு கணக்கையும் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது.

நாவலின் நாயகன் ஏன் அந்தக் கூட்டத்துக்குப் போகிறான் என்பதிலும் நாம் தடுமாறுகிறோம். சேர்க்கை சரியில்லை என்று சொல்லும்போது, நல்லவர்களும் இருந்த வரிசையிலிருந்து அவன் கெட்டவர்களைத் தேர்ந்தெடுத்ததாக ஒரு குற்றச்சாட்டு அதற்குள் இருக்கிறது. ஓரிகனில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து வரைந்த பாதை வேறு மாதிரி. வீட்டில் கத்தினால்தான் காரியம் நடக்கும் என்று சிறுவயதில் பழகிய பிள்ளை அதையே பள்ளிக்குக் கொண்டுபோகிறான். பாடத்தில் பின்தங்குகிறான். மற்றப் பிள்ளைகள் ஆட்டத்தில் சேர்க்க மறுக்கிறார்கள். பத்து வயதில் ஒதுக்கப்பட்டவனுக்குப் பதின்மூன்றில் எஞ்சுவது தன்னைப்போல் ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும். கணினியில் பந்து வீசி விளையாடும்போது, மற்ற இருவரும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளாமல் தங்களுக்குள்ளேயே வீசிக்கொள்ளும் ஓர் எளிய சோதனை உண்டு. சில நிமிடங்களே நீளும் அந்த விளையாட்டில் ஒதுக்கப்பட்டால்கூட மனநிலை சரிகிறது. பதின்பருவப் பெண்களிடம் அந்தச் சரிவு வளர்ந்த பெண்களைவிட அதிகம் என்று லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோர் குழுவினர் காட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்பட்டவனுக்கு, பார்த்துச் சிரிக்கும் இரண்டு பேர் கிடைப்பது எவ்வளவு பெரிய வரவு என்று யோசித்துப் பாருங்கள்.

சிகரெட் விஷயத்தில் கைமாற்றம் ஒன்று நடக்கிறது. முதல் சிகரெட் இனிப்பதில்லை. இருமல், தலைசுற்றல், குமட்டல்; உடம்பு தெளிவாகவே மறுக்கிறது. பலருக்கு இரண்டாவதையும் மூன்றாவதையும் பிடிக்கவைப்பது நிகோடினைவிடப் பக்கத்தில் இருப்பவர்கள்தான். அதற்குள் நிகோடின் வேலையைத் தொடங்கிவிடும். இழுத்த புகையிலிருந்து 10 முதல் 20 நொடிக்குள் அது மூளையை அடைந்து, வெகுமதி உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. திரும்பத் திரும்பப் பிடிக்க, அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் பெருகுகின்றன. நிகோடின் இறங்கும்போது எரிச்சலும் கவனச் சிதறலும் வருகின்றன. அதன்பிறகு நண்பர்கள் ஊரைவிட்டே போனாலும் சிகரெட் போகாது. ஆகவே இடையில் புக வேண்டிய நேரம் அந்த முதல் சில சிகரெட்டுகளின் காலம். அப்போது பேச வேண்டியது புற்றுநோயைப் பற்றியல்ல, மாலை நேரத்தை யாரோடு கழிக்கிறான் என்பதைப் பற்றி.

கைக்கொள்ளக்கூடிய வழிகளும் இதிலிருந்தே பிறக்கின்றன. 2000இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கில், 16 வயதுக்காரர் தனியாகக் கார் ஓட்டும்போது விபத்தில் சாகும் அபாயத்தை 1 என்று வைத்தால், ஒரு பயணி ஏறினால் 1.39, இருவரானால் 1.86, மூவரும் அதற்கு மேலும் என்றால் 2.82. அங்கே பல மாநிலங்கள் புதிதாக உரிமம் பெறும் பதின்பருவத்தினர் தம் வயதினரை ஏற்றிக்கொள்ளக் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. வீட்டில் பைக் சாவியைக் கொடுக்கும்போதும் "மெதுவாகப் போ" என்பதைவிடப் பின்னால் யாரையும் ஏற்றாதே என்பது பயனுள்ள நிபந்தனை.

கூட்டத்தின் கலவையையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். 18 முதல் 22 வயதுவரையான நான்கு இளைஞர்கள் சேர்ந்தால் தனியாக இருப்பதைவிடத் துணிந்து ஆபத்தில் இறங்குகிறார்கள். நால்வரில் ஒருவருக்குப் பதில் 25 முதல் 30 வயதுக்குள் ஒருவரை உட்காரவைத்தபோது அந்த உசுப்பேற்றம் மறைந்தது. 2016இல் வெளியான இந்தச் சோதனையில் மூத்தவர் அப்பா வயதுக்காரரும் இல்லை, வார்டனும் இல்லை. விடுதிக்கும் சுற்றுலாவுக்கும் விளையாட்டு அணிக்கும் ஆள் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பெற்றோரின் கண்காணிப்பு பற்றி ஒன்று. சுவீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை எங்கே, யாரோடு என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்கும் வீடுகளில் தவறுகள் குறைவுதான். ஆனால் அந்தத் தகவல் விசாரணையாலோ கெடுபிடியாலோ வந்ததைவிட, பிள்ளையே வந்து சொன்னதால் வந்தது அதிகம். வந்து சொல்லும் பிள்ளைக்கு முதல் ஐந்து நிமிடத்தில் என்ன கிடைக்கிறது என்பது அடுத்த தடவை சொல்வானா என்பதை முடிவு செய்யும்.

நாடளவில் இதைச் செய்து பார்த்தது ஐஸ்லாந்து. பிரச்சாரத்தைக் குறைத்து, மாலை நேரத்தை மாற்றினார்கள்: விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசுப் பணம், 13 முதல் 16 வயதினர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குமேல் வெளியே சுற்றத் தடை, ஒரே நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்பப் பெற்றோர்களுக்குள் எழுத்து ஒப்பந்தம். 1998இல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் அதே ஆண்டுகளில் புகையும் குடியும் குறைந்ததால், முழுப் பெருமையையும் திட்டத்துக்கே எழுதிவிட முடியாது. ஆனால் பெற்றோர் ஒப்பந்தத்தில் ஒரு கூர்மை இருக்கிறது: தன் பிள்ளையை மட்டும் சீக்கிரம் கூப்பிட்டால் அவன் கூட்டத்திலிருந்து ஒதுங்கியவன் ஆகிறான், எல்லோரையும் சேர்த்துக் கூப்பிட்டால் யாரும் ஒதுங்குவதில்லை.